மடிக்கணிப்பொறிக்கு இரு காவல்

கோலார் தங்கவயலின் வடபகுதியில் பாலகாட் சுரங்கம் அமைந்திருந்தது. அதற்குத் தெற்கே நந்திதுர்க்கம், உரிகம், சாம்பியன் ரீஃப், மைசூர் என்னும் சுரங்கங்கள் ஒன்றையடுத்து ஒன்றாகத் தொடர்ந்தன. இவற்றுள் சாம்பியன் ரீஃப் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தை எட்டி, உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாக விளங்கிற்று. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் தங்கவயலில் சுரங்கத் தொழில் நிறுத்தப்பெற்றது. தொழில் நின்றபோதிலும், அத்தொழில் கற்பித்த பாடங்கள் சில இன்றும் பயன் தருவனவாக உள்ளன.

அவற்றுள் இரண்டு ஈண்டுக் கருதத்தக்கவை. பாறையில் விரிசல் கண்டால், அது சரிந்து விழும் நாள்வரை காத்திராமல், அப்பொழுதே முட்டுக்கொடுத்துத் தாங்க வேண்டும் என்பது முதற்பாடம். சுரங்கத்தினின்று வெளியேறுவதற்கு எப்பொழுதும் இரண்டு வழிகள் இருத்தல் வேண்டும் என்பது மற்றொன்று. இவ்விரண்டாம் விதி பல உயிர்கள் பலியான பின்னரே சட்டமாயிற்று. 1862 ஜனவரி 16 அன்று, இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்துப் பகுதியிலுள்ள ஹார்ட்லி நிலக்கரிச் சுரங்கத்தில், நீரிறைக்கும் பொறியின் இரும்பு உத்திரம் முறிந்து, ஆட்கள் இறங்கும் குழிக்குள் வீழ்ந்து வழியை அடைத்துவிட்டது. அச்சுரங்கத்திற்கு இருந்தது அவ்வொரு வழியே. 204 பேர் மாண்டனர். சுரங்கங்களுக்கு இரு வழிகள் இருத்தல் வேண்டும் என்னும் சட்டம் அதே ஆண்டில் அந்நாட்டில் இயற்றப்பெற்றது. இந்தியாவில் 1961-ஆம் ஆண்டின் உலோகச் சுரங்க ஒழுங்குவிதிகளும் இதனை வலியுறுத்துகின்றன.

இன்று ஆசிரியரும் களப்பணியாளரும் நாள்தோறும் கையாளும் மடிக்கணிப்பொறிக்கும் இவ்விரு பாடங்களும் பொருந்துவனவாம். விரிசலை உடனே தாங்குதல் என்பது மென்பொருளைக் காலந்தவறாது புதுப்பித்தல். இரண்டாவது வழி என்பது காப்புப்படி. அதாவது, பேக்கப் என்று வழங்கும் மாற்றுப் பிரதி. இவ்விரண்டுள் ஒன்று இருந்தால் மற்றொன்று வேண்டா என்று எண்ணுவது தவறு. அஃது ஏன் என்பதை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காக்கப்படுவது யாது?

மடிக்கணிப்பொறி பழுதுற்றால் மற்றொன்று வாங்கிக்கொள்ளலாம். அதனுள் இருந்த பதிவுகளைக் கடையில் வாங்குதல் இயலாது. ஒரு குறிப்பிட்ட நாளில் பெய்த மழையின் அளவு, ஒரு கோடையில் கிணற்றில் நின்ற நீர்மட்டம், இடிக்கப்படுவதற்கு முன் எடுத்த ஒரு கட்டடத்தின் புகைப்படம், முதியவர் ஒருவர் தம் பணிக்காலத்தைப் பற்றிக் கூறிய ஒலிப்பதிவு ஆகியவை ஒருமுறையே கிடைப்பன. ஆசிரியரின் மதிப்பெண் பட்டியலும், பல ஆண்டுகள் திருத்தித் திருத்தி எழுதிய பாடக்குறிப்பும் அத்தகையனவே.

இவ்வுண்மைக்குத் தங்கவயலே சான்று. 1965-ஆம் ஆண்டில், இச்சுரங்கத்தில் ஏறத்தாழ 2,300 மீட்டர் ஆழத்தில் அமைத்த கருவிகளைக் கொண்டு, டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையம், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகங்கள் ஆகியவற்றின் அறிஞர்கள், வளிமண்டலத்தில் தோன்றும் நியூட்ரினோ என்னும் நுண்துகளின் அடையாளத்தைப் பதிவு செய்தனர். அதே ஆண்டில் தென்னாப்பிரிக்கச் சுரங்கம் ஒன்றிலும் இத்தகைய பதிவு கிட்டிற்று. பாறை தன் இறுக்கம் தாளாது திடீரெனச் சிதறும் நிகழ்ச்சியை ஆராய்வதற்கும் இங்கு அதிர்வுமானிகள் பல நிறுவப்பெற்றன. 1988-இல் தேசியப் பாறை இயக்கவியல் நிலையமும் இங்குத் தோற்றுவிக்கப்பெற்றது. சுரங்கங்கள் மூடப்பெற்று, நீரிறைக்கும் பொறிகள் நின்றபின், ஆழ்நிலைகளில் நீர் ஏறிவிட்டது. அக்கருவிகள் இருந்த இடத்தில் அதே ஆய்வை மீண்டும் நடத்துதல் இன்று இயலாது. எஞ்சியுள்ளவை பதிவுகளே. பதிவு அழிந்தால், ஆய்வே நடைபெறாதது போலாகும். பள்ளிப் பதிவேட்டிற்கும் களக் குறிப்பிற்கும் இவ்விதி வேறன்று.

தீநிரலின் இயல்பு

கணிப்பொறிக்குப் பணிக்கப்படும் கட்டளைத் தொகுதி நிரல் எனப்படும். உரியவரின் இசைவின்றிப் புகுந்து, அவருக்குத் தீங்கு விளைவிக்கும் பொருட்டு எழுதப்பெற்ற நிரல் தீநிரலாகும். பொதுவழக்கில் வைரஸ் என்று இவை அனைத்தையும் குறிப்பிடினும், இவற்றுள் வகைகள் உள. பிற கோப்புகளில் ஒட்டிக்கொண்டு பரவுவது ஒருவகை. எவரும் தொடாமலேயே வலையிணைப்பின் வழியே கணிப்பொறிக்குக் கணிப்பொறி தாவுவது மற்றொரு வகை. கடவுச்சொல்லைத் திருடுவது வேறொன்று. கோப்புகளைப் பூட்டி வைத்துக்கொண்டு பணம் கேட்பது பணயத் தீநிரல். இக்காலத்தில் மிகுந்த அச்சத்திற்குரியது இதுவே.

பணயத் தீநிரல் கோப்புகளை அழிப்பதில்லை. ஒவ்வொரு கோப்பையும் படித்து, கணித முறையால் பொருள் விளங்காத எண் குவியலாக மாற்றி எழுதிவிடுகிறது. மீண்டும் பழைய வடிவிற்குக் கொணர ஒரு திறவுகோல் எண் வேண்டும். அது குற்றவாளியிடம் மட்டுமே உள்ளது. பிழையின்றி எழுதப்பெற்ற தீநிரலாயின், திறவுகோலை ஊகித்தறிய உலகிலுள்ள கணிப்பொறிகள் யாவும் சேர்ந்து முயன்றாலும் பயனுள்ள காலத்திற்குள் முடியாது. வங்கிக் கணக்கைக் காக்கும் அதே கணிதம் இங்குக் குற்றத்திற்குத் துணையாகிறது.

தீநிரல் புகும் வழிகள் சிலவே. அறியாதவரிடமிருந்து வரும் மின்னஞ்சலின் இணைப்பு ஒன்று. விலை செலுத்தாமல் பெற்ற திருட்டு மென்பொருள் மற்றொன்று. ஆசிரியர்களிடையே பெரிதும் காணப்படுவது மூன்றாவது வழியாகிய பென் டிரைவ். வினாத்தாளை அச்சிட ஜெராக்ஸ் கடைக்கும், படிவம் அனுப்பப் பிரௌசிங் சென்டருக்கும், பின்னர்ப் பள்ளி அலுவலகத்திற்கும் செல்லும் ஒரே பென் டிரைவ், பல கணிப்பொறிகளின் நோயை ஒன்றிலிருந்து மற்றொன்றிற்குச் சுமந்து திரிகிறது. அச்சிடுவதற்கு ஒரு பென் டிரைவைத் தனியே ஒதுக்கி, அதில் வேறெதனையும் வைக்காதிருத்தல் நலம்.

ஐம்பத்தொன்பது நாள்கள்

புதுப்பித்தலின் தேவையை உணர்த்துவதற்கு 2017-ஆம் ஆண்டின் வானாக்ரை நிகழ்ச்சியினும் தெளிவான சான்று இல்லை. விண்டோஸ் இயங்குதளத்தில், கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் பகுதியில், ஒரு குறை இருந்தது. அதனைச் சீர்செய்யும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2017 மார்ச் 14 அன்று வெளியிட்டது. அக்குறையையே பயன்படுத்திய வானாக்ரை என்னும் பணயத் தீநிரல் மே 12 அன்று பரவத் தொடங்கிற்று. இடைப்பட்டவை 59 நாள்கள். அந்நாள்களில் திருத்தத்தை ஏற்றுக்கொண்ட கணிப்பொறிகளுக்குள் அத்தீநிரல் வலைவழியே தானே புக இயலவில்லை. ஏற்காதவை வீழ்ந்தன.

சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்திற்கு மேற்பட்ட கணிப்பொறிகள் தாக்குண்டன. கோப்புகளை விடுவிக்க முதலில் 300 டாலர் கேட்கப்பட்டது. இங்கிலாந்தில் 236 அரசு மருத்துவமனை அமைப்புகளுள் குறைந்தது 81 பாதிப்புற்றன என அந்நாட்டுத் தணிக்கை அலுவலகம் பின்னர்க் கணக்கிட்டது. எளிய பாதுகாப்பு முறைகளைக் கைக்கொண்டிருந்தால் இதனைத் தடுத்திருக்கலாம் என்றும் கூறிற்று. இந்தியாவில், கோலார் மாவட்டத்தை அடுத்துள்ள சித்தூர் உள்ளிட்ட ஆந்திர மாவட்டங்களின் காவல்துறைக் கணிப்பொறிகள் சிலவும், கேரளத்தில் வயநாட்டின் ஊராட்சி அலுவலகக் கணிப்பொறிகள் சிலவும், பாலக்காட்டு ரயில்வே கோட்ட அலுவலகக் கணிப்பொறிகள் சிலவும் இதற்கு இரையாயின. பெருநகர வங்கிகளே இத்தகைய தாக்குதலுக்கு இலக்காகும், சிற்றூர் அலுவலகத்தை எவர் நாடுவர் என்னும் எண்ணம் பொருளற்றது என்பதை இது காட்டிற்று. தானே பரவும் தீநிரல் ஊரின் பெயரைக் கேட்பதில்லை.

புதுப்பித்தல் நடைபெறும் முறை

இயங்குதளம் கோடிக்கணக்கான வரிகள் கொண்ட ஒரு நிரல். அத்துணைப் பெரிய ஆக்கத்தில் குறைகள் இருப்பது இயல்பே. ஒரு குறை கண்டறியப்பட்டவுடன், அதனைத் திருத்தும் சிறு நிரலை உருவாக்கியோர் அனுப்புகின்றனர். இதுவே அப்டேட் எனப்படும் புதுப்பிப்பு.

இதில் பலரும் உணராத செய்தி ஒன்றுண்டு. திருத்தம் வெளியானவுடன் அதனைக் குற்றவாளிகளும் பெறுகின்றனர். பழைய நிரலையும் புதிய நிரலையும் அருகருகே வைத்து ஒப்பிட்டு, எவ்விடம் மாற்றப்பட்டதோ அவ்விடத்தில்தான் குறை இருந்தது என்று அறிந்துகொள்கின்றனர். எனவே, திருத்தம் வெளியாகும் நாள்முதல், அதனை ஏற்காத கணிப்பொறிக்கு ஆபத்து முன்னைவிட மிகுதியாகிறது. “பின்னர் நினைவூட்டுக” என்னும் பொத்தானை வாரந்தோறும் அழுத்துவது, விரிசல் இருக்கும் இடத்தைச் சுண்ணாம்பால் குறித்துவிட்டு முட்டுக்கொடாமல் செல்வதை ஒக்கும்.

களப்பணியாளர் மற்றொன்றையும் கவனித்தல் வேண்டும். கைப்பேசியின் ஹாட்ஸ்பாட் வழியாகவே இணையத்தைப் பயன்படுத்துவோரின் கணிப்பொறியில், அவ்விணைப்பு “அளவிட்ட இணைப்பு” என்று குறிக்கப்பட்டிருப்பின், விண்டோஸ் பெரும்பாலான புதுப்பிப்புகளைத் தானாக இறக்கிக்கொள்ளாது. செலவைக் குறைப்பதற்கான இவ்வேற்பாட்டால், உரியவர் அறியாமலே மாதக்கணக்கில் பொறி பழைய நிலையில் நின்றுவிடக்கூடும். அத்தகையோர் வாரத்தில் ஒருநாளைக் குறித்துக்கொண்டு, அளவுக் கட்டுப்பாடற்ற இணைப்பு உள்ள இடத்தில், அமைப்புகள் பகுதியைத் திறந்து, புதுப்பிப்பைத் தாமே இறக்கி, பொறியை நிறுத்தி மீண்டும் இயக்குதல் வேண்டும். மூடிமட்டும் மடக்கி வைப்பது போதாது; பல திருத்தங்கள் பொறியை மீண்டும் இயக்கிய பின்னரே நிறைவுபெறும். இயங்குதளத்தோடு, இணைய உலாவியையும் அலுவலக மென்பொருளையும் புதுப்பித்தல் இன்றியமையாதது.

ஒவ்வோர் இயங்குதளத்திற்கும் ஆயுள் எல்லை உண்டு. விண்டோஸ் 7-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14-ஆம் நாளோடு நின்றன. விண்டோஸ் 10-க்குரிய பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிவுற்றது. பதிவு செய்துகொண்டோருக்குக் குறுகிய கால நீட்டிப்பு மட்டும் அளிக்கப்பட்டது. பொறி நன்றாக இயங்குகிறது என்பதனால் அது பாதுகாப்பாக உள்ளது என்று கொள்ளலாகாது. புதிய விண்டோஸை ஏற்க இயலாத பழைய பொறிகளில் லினக்ஸ் வகை இயங்குதளத்தை நிறுவிப் பயன்கொள்ளலாம். இந்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் அவ்வகையினது.

புதுப்பித்தல் மட்டும் போதாமை

புதுப்பித்தலைத் தவறாது செய்வோர் காப்புப்படியைப் புறக்கணிக்கலாமா? வானாக்ரைக்குப் பின் ஏழு வாரங்களுக்குள் நிகழ்ந்த மற்றொரு தாக்குதல் இதற்கு விடை தந்தது. 2017 ஜூன் 27 அன்று, உக்ரைன் நாட்டில் பலரும் பயன்படுத்திய ஒரு கணக்கியல் மென்பொருளின் புதுப்பிப்பு வழியாகவே நாட்பெட்யா என்னும் தீநிரல் பரவிற்று. குற்றவாளிகள் அம்மென்பொருளை அனுப்பும் அமைப்பினுள்ளே புகுந்திருந்தனர். பணயம் கேட்பது போல் தோன்றினும், பணம் செலுத்தினாலும் மீட்கவியலாத வகையில் அது கோப்புகளைச் சிதைத்தது. மும்பைக்கருகே ஜவஹர்லால் நேரு துறைமுகத்தின் ஒரு முனையத்திலும் பணி தடைப்பட்டது. இத்தகைய நிகழ்ச்சி அரிது; அதற்கு அஞ்சிப் புதுப்பித்தலைக் கைவிடுதல், மருந்தால் ஒருவர்க்கு ஒவ்வாமை நேர்ந்ததென்று ஊரார் அனைவரும் மருந்தை விடுவது போலாகும். எனினும், முதற்காவல் என்றேனும் தவறக்கூடும் என்பது தெளிவாயிற்று.

அந்த முனையத்தை இயக்கியதும், இத்தாக்குதலில் பேரிழப்பு அடைந்ததும் டென்மார்க்கின் மேர்ஸ்க் கப்பல் குழுமமாகும். அக்குழுமம் ஏறத்தாழ 45,000 கணிப்பொறிகளையும் 4,000 சேவையகங்களையும் புதிதாக நிறுவ வேண்டியிருந்தது. பயனர் யார், எவருக்கு எவ்வுரிமை என்னும் பட்டியலைத் தாங்கிய தலைமைக் கணிப்பொறிகள் 150 அளவில் உலகெங்கும் இருந்தன. ஒன்று பழுதுற்றால் மற்றொன்று உதவும் என்ற எண்ணத்தில், அவை ஒன்றோடொன்று எந்நேரமும் இணைக்கப்பட்டு, ஒரே பட்டியலை வைத்திருந்தன. அவ்விணைப்பாலேயே அனைத்தும் ஒருங்கே அழிந்தன. எஞ்சியது ஒன்று மட்டும். மேற்கு ஆப்பிரிக்காவின் கானா நாட்டில், தாக்குதலுக்குச் சற்றுமுன் மின்தடை ஏற்பட்டதனால், அங்கிருந்த கணிப்பொறி இணைப்பற்று அணைந்து கிடந்தது. அவ்வொரு பிரதியைக் கொண்டே அக்குழுமம் தன் அமைப்பை மீண்டும் எழுப்பிற்று.

150 பிரதிகள் இருந்தும் அவை காப்புப்படியாகவில்லை. இணைப்பற்றுக் கிடந்த ஒன்றே காப்புப்படியாயிற்று. பிரதிகளின் எண்ணிக்கையினும் அவை தனித்திருத்தலே முதன்மையானது. சுரங்கத்தின் இரண்டாம் வழி முதல் வழியை ஒட்டியே அமைந்தால், ஒரே சரிவில் இரண்டும் மூடிக்கொள்ளும் அன்றோ?

காப்புப்படியின் இலக்கணம்

மூன்று, இரண்டு, ஒன்று என்னும் எண்களால் காப்புப்படியின் விதியை நினைவிற் கொள்ளலாம். பதிவு மூன்று இடங்களில் இருத்தல் வேண்டும்; அவை இரண்டு வகைச் சாதனங்களிலாவது இருத்தல் வேண்டும்; அவற்றுள் ஒன்று வேறோர் இடத்தில் இருத்தல் வேண்டும். கணிப்பொறியில் உள்ளது முதற்பிரதி. வெளி வன்தட்டில் உள்ளது இரண்டாவது. பள்ளி பீரோவிலோ வேற்றூர் உறவினர் இல்லத்திலோ உள்ள மற்றொரு வன்தட்டு, அல்லது இணையச் சேமிப்பகம், மூன்றாவது.

இதனை நடைமுறைப்படுத்துங்கால் நான்கு செய்திகளை மனத்திற் கொள்ளல் வேண்டும்.

முதலாவது: படியெடுத்தவுடன் வன்தட்டைக் கழற்றிவிடுதல். பொறியோடு இணைந்தே இருக்கும் வன்தட்டைப் பணயத் தீநிரல் மற்றுமோர் அறையாகக் கருதி அதனையும் பூட்டிவிடும்.

இரண்டாவது: பழைய படிகளையும் வைத்திருத்தல். தீநிரல் புகுந்தது சில நாள் கழித்தே தெரியவரலாம். கைதவறி அழித்த கோப்பு ஒரு மாதம் கழித்தே நினைவிற்கு வரலாம். ஒரே படியின்மேல் மீண்டும் மீண்டும் எழுதினால், கெட்ட கோப்பு நல்ல கோப்பை அழித்துவிடும். இரு வன்தட்டுகளை ஒற்றை வாரம், இரட்டை வாரம் என மாற்றி மாற்றிப் பயன்படுத்துதல் எளிய முறை. உறையின்மேல் நாளைக் குறித்தல் வேண்டும்.

மூன்றாவது: ஒத்திசைவைக் காப்புப்படி என்று மயங்காமை. கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் போன்றவை கணிப்பொறியில் நிகழும் மாற்றத்தை அப்படியே இணையப் பிரதியிலும் நிகழ்த்துவன. கோப்பு பூட்டப்பட்டால், பூட்டிய வடிவமே அங்கும் சென்று சேரும். முந்தைய பதிப்புகளைச் சிலகாலம் வைத்திருக்கும் வசதி அவற்றில் உண்டு. அதன் கால எல்லையையும் மீட்கும் முறையையும் முன்னரே அறிந்திருத்தல் வேண்டும்.

நான்காவது: மீட்டுப் பார்த்தல். திறந்து பார்க்கப்படாத காப்புப்படி, நடந்து பார்க்கப்படாத அவசர வழி போன்றது. மூன்று மாதத்திற்கு ஒருமுறையேனும், சில கோப்புகளை வேறொரு கணிப்பொறியில் திறந்து, அவை முழுமையாக உள்ளனவா என்று சோதித்தல் வேண்டும்.

இவ்விலக்கணத்தின் பயனை 2022-ஆம் ஆண்டில் நாடு கண்டது. அவ்வாண்டு நவம்பர் 23 அன்று புது தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் நிறுவனத்தின் ஐந்து சேவையகங்கள் தாக்குண்டன. நோயாளர் பதிவும் சேர்க்கையும் பல நாள் கையெழுத்து முறையில் நடைபெற்றன. தாக்குதலுக்கு உட்படாத ஒரு காப்புச் சேவையகத்திலிருந்து மருத்துவமனைப் பதிவுகள் மீட்கப்பெற்றுப் புதிய சேவையகங்களில் ஏற்றப்பட்டன. இரு வாரங்களில் பெரும்பாலான பணிகள் மீண்டன. காவல் தவறியது, இரண்டாம் வழி காத்தது.

தாக்குண்டபின் செய்யத்தக்கன

கோப்புகளின் பெயர்கள் திடீரென மாறினும், பணம் கேட்கும் அறிவிப்புத் தோன்றினும், முதலில் இணைய இணைப்பைத் துண்டித்தல் வேண்டும். பதற்றத்தில் காப்பு வன்தட்டைக் கொணர்ந்து அப்பொறியிலேயே செருகுவது பலரும் செய்யும் பிழை. அவ்வொரு செயலால் இரண்டாம் வழியும் அடைபடும். பொறியை முழுவதும் துடைத்து, இயங்குதளத்தைப் புதிதாக நிறுவி, புதுப்பிப்புகள் அனைத்தையும் ஏற்றிய பின்னரே காப்புப்படியை இணைத்தல் வேண்டும். கடவுச்சொற்களை வேறொரு நல்ல கணிப்பொறியிலிருந்து மாற்றுதல் வேண்டும்.

பணம் செலுத்துதல் தக்கதன்று. செலுத்தியவர்க்குத் திறவுகோல் கிட்டும் என்பதற்கு உறுதியில்லை; செலுத்தும் பணம் அடுத்த தாக்குதலுக்கு முதலாகிறது. சில தீநிரல்களுக்குத் திறவுகோல்கள் கண்டறியப்பட்டுள்ளன. 2016-இல் தொடங்கப்பெற்ற “நோ மோர் ரான்சம்” என்னும் பன்னாட்டு முயற்சி அவற்றை இலவசமாக வழங்குகிறது. காப்புப்படி இல்லாதவர், பூட்டிய கோப்புகளை அழித்துவிடாமல் வைத்திருப்பின், பின்னொரு நாள் பயன்படக்கூடும்.

நாட்டில் இதற்கென அமைப்புகள் உள்ளன. சர்ட்-இன் எனப்படும் இந்தியக் கணிப்பொறி அவசரகாலச் செயற்குழு 2004 முதல் இயங்கிவருகிறது. அதன்கீழ் 2017 பிப்ரவரி 21 அன்று தொடங்கப்பெற்ற சைபர் ஸ்வச்சதா கேந்திரம், தீநிரல்களை நீக்கும் கருவிகளை இலவசமாக அளிக்கிறது. பண இழப்பு நேர்ந்தால் 1930 என்னும் தேசியத் தொலைபேசி எண்ணில் உடனே முறையிடலாம்.

பள்ளியின் பங்கு

மேற்கூறியவற்றுள் எதுவும் பெரும்பொருள் வேண்டுவதன்று. விண்டோஸுடன் வரும் டிஃபெண்டர் என்னும் காவல் நிரலும் புதுப்பிப்புகளும் கட்டணமற்றவை. செலவு என்பது வெளி வன்தட்டு ஒன்றோ இரண்டோ வாங்குவதே. அதனைத் தனியே வாங்க இயலாத ஆசிரியர் சிலர் சேர்ந்து வாங்கி, ஒவ்வொருவர்க்கும் கடவுச்சொல்லிட்ட தனிப்பகுதி வகுத்துக்கொள்ளலாம். மாணவர் விவரங்கள் அடங்கிய வன்தட்டைப் பூட்டிய பீரோவில் வைத்தல் கடமையாகும்.

வெள்ளிக்கிழமை பள்ளி முடிந்தபின் அரைமணி நேரத்தை இதற்கென ஒதுக்கலாம்: புதுப்பிப்பை ஏற்றுதல், படியெடுத்தல், வன்தட்டைக் கழற்றுதல், நாளைக் குறித்தல். மேல்வகுப்பு மாணவர் இதனை உடனிருந்து செய்வாராயின், அவர்தம் இல்லத்துக் கணிப்பொறியும் கைப்பேசியும் காவல் பெறும். தங்கவயலின் குடும்பங்கள் பலவற்றில் தாத்தாவின் சுரங்கப் பணிச்சீட்டும் பழைய புகைப்படங்களும் இன்னும் தாளில் உள்ளன. அவற்றை மின்படியாக்கும் பணியை ஒரு பள்ளி மேற்கொள்ளுமாயின், முதல் நாளிலேயே மூன்று பிரதிகளுக்கு வழி வகுத்துக்கொண்டு தொடங்குவதே அறிவுடைமையாகும்.